அண்ணி தனியாக எடுத்துக்கொண்ட படம்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் அண்ணன் ஆணி அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால், கடல் காற்று சுண்ணாம்பை உதிர்த்துக்கொண்டே இருக்கும் ஒரு தெருவில் எங்கள் வீடு. அந்தக் கூடத்துச் சுவரில் ஏற்கனவே இடம் போதாது. நடுவில் திரு இருதய ஆண்டவர், ஒரு பக்கம் தேவமாதா, இன்னொரு பக்கம் சூசையப்பர். அவர்களுக்குக் கீழே வரிசையாக எங்கள் வீட்டுச் செத்தவர்கள். தாத்தா, பெரியப்பா, கடைசியாக அப்பா. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு பெயர், பெயருக்குக் கீழே ஒரு வருஷம். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அண்ணன் அன்று ஒரு ஆணியை அடித்து, தன் பெண்டாட்டியின் படத்தை மாட்டினான். பெண்டாட்டியோ அடுப்படியில் உயிரோடு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்த அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அடப்பாவி! உசுரோட கீறவள சுவத்துல ஏத்திட்டியேடா!" என்றாள்.

அம்மா கத்தியதில் நியாயம் இல்லாமலும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைத் தனியாகப் படம் எடுத்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட. அந்தப் படம் கல்யாணம் முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடும். இன்னொன்று, அவள் செத்த பிறகு நினைவுக்காக. மற்றபடி பெண்கள் என்றால் கூட்டத்தோடு நிற்பவர்கள். புருஷன் நாற்காலியில் உட்காருவான், மாமியார் இன்னொரு நாற்காலியில், பிள்ளைகள் காலடியில், மருமகள் பின்னால் எங்கேயோ பாதி முகமாகத் தெரிவாள். உயிரோடு இருக்கும் ஒரு கல்யாணமான பெண்ணை முழு முகமாக, கூட யாரும் இல்லாமல், கூடத்துச் சுவரில் அதற்கு முன்னால் நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அண்ணி எனக்கு மூன்று வயதுதான் மூத்தவள். சைதாப்பேட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். பி.ஏ. வரைக்கும் சரித்திரம் படித்து, கல்யாணத்துக்கு முன்னால் மயிலாப்பூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட்டாள். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். பள்ளிக்கூடங்களில் கன்னியாஸ்திரிகள் இருப்பார்கள், கல்யாணமாகாதவர்கள் இருப்பார்கள், புருஷனை இழந்தவர்கள் இருப்பார்கள். புருஷன் நன்றாக இருக்கும்போது ஒருத்தி வேலைக்குப் போகிறாள் என்றால் அந்தப் புருஷனுக்கு என்ன கேடு என்று ஊர் கேட்கும். ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் அண்ணனைப் பற்றி அப்படி ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது என்பதில் அம்மா மிகவும் கவனம். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமைக் கன்னியாஸ்திரியான மதர் ஆள் அனுப்பினார். சரித்திரம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை, கல்யாணமானவளாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் சம்மதம் கேட்டு வரச் சொல்லு என்று. வீட்டில் சம்மதம் என்றால் அம்மாவின் சம்மதம்தான். அம்மா யோசிக்கக்கூட இல்லை. "எங்க வூட்டு மருமவ வேலைக்குப் போவ மாட்டான்னு சொல்லிடு" என்று வந்த ஆயாவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த மதரும் லேசில் விடுகிறவர் இல்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் மறுபடியும் கேட்பேன் என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணி அழவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அடுப்படியில் என்னிடம் பேசித் தீர்க்க ஆரம்பித்தாள். அம்மியில் மிளகாய் அரையும், அண்ணியின் வாயில் இத்தாலி தேசம் நடக்கும். நான் பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டவள், ஆனால் வாயாடுவதில் அவளுக்குச் சளைத்தவள் இல்லை. அவளுக்குப் பிடித்தது மறுமலர்ச்சிக் காலம். ஹ்யூமனிசம் என்று ஒரு வார்த்தை சொல்வாள். தமிழில் என்ன என்று கேட்டேன். "இன்னும் யாரும் சரியா வைக்கலை. நாமளே வைப்போம்" என்று சிரித்தாள். கடைசிவரைக்கும் நாங்கள் வைக்கவில்லை.

அவள் சொன்னது இதுதான். அதற்கு முந்தைய காலத்தில் நீ யார் என்று ஒருவனைக் கேட்டால், இன்ன குடும்பம், இன்ன தொழில்காரர் கூட்டம், இன்ன கோயில் சபை என்று சொல்வான். அதற்கு மேல் சொல்வதற்கு அவனிடம் ஒன்றும் இருக்காது, கேட்பதற்கும் ஆள் இருக்காது. கோயிலுக்குப் படம் எழுதக் கொடுத்த பணக்காரன்கூடப் படத்தின் ஓரத்தில், அர்ச்சிஷ்டவரான ஒரு புனிதரின் காலடியில், கட்டைவிரல் அளவில் முழங்கால் போட்டிருப்பான். பிறகு சிலர் பழைய கிரேக்க, ரோமானியப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தார்கள். மனுஷனுடைய புத்தி, பேச்சு, ஆசை, துக்கம் எல்லாமே ஆராய்ந்து பார்க்கத் தகுந்தவை என்று அவற்றில் எழுதியிருந்தது. பிறந்த குலத்தால் மட்டும் இல்லை, படிப்பாலும் ஒருவன் பெரிய ஆளாகலாம் என்று நினைக்கத் தொடங்கினார்கள். பத்திரம் எழுதிப் பிழைத்தவன் மகன் தன் எழுத்தின் பலத்தால் பிரபுக்களின் சபையில் போய் உட்கார்ந்தான். சிநேகிதனுக்கு எழுதும் காகிதத்தில், இன்றைக்கு என் மனது சரியில்லை என்று எழுதினார்கள். படம் எழுதியவன் கீழே தன் பெயரைப் போட்டான். ஓரத்தில் முழங்கால் போட்டிருந்த மனுஷன் படத்துக்குப் படம் வளர்ந்து வளர்ந்து, கடைசியில் ஒரு படம் முழுக்கத் தனியாகவே உட்கார்ந்துவிட்டான். கன்னத்து மருவோடு, மாறுகண்ணோடு, எப்படி இருந்தானோ அப்படியே.

"மருவோட படம் எழுதிக்கிறது அவ்ளோ பெரிய காரியமா அண்ணி? எங்க பெரியம்மாவுக்கு மூக்கு மேலயே ஒண்ணு கீது. யாரும் எழுதாமயே ஊருக்கெல்லாம் காட்டிக்கினு போவுது" என்றேன். அண்ணி சிரித்த சிரிப்பில் மிளகாய் கண்ணில் பட்டுவிட்டது. அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, பேச்சில் கலந்துகொள்ளாதவள் போல, "சாமியை வுட்டுட்டானுங்களா அவனுங்க?" என்று கேட்டாள். அதுதான் அவளுக்கு முக்கியம். "விடலை அத்தை. சாமி கும்பிட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. ஓரத்துல இருந்து கொஞ்சம் நடுவுக்கு வந்தாங்க, அவ்வளவுதான்" என்றாள் அண்ணி. அம்மா களைந்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றப் போனாள்.

எல்லாரும் நடுவுக்கு வந்தார்களா என்று நான் விடாமல் கேட்டேன். அண்ணி பொய் சொல்ல மாட்டாள். ஏழைகள் வரவில்லை என்றாள். பெண்களில் பெரிய வீட்டுப் பெண்கள் சிலர் லத்தீன் படித்து, ஆண்களே அசந்து போகும்படி சபையில் பேசினார்களாம். கல்யாணம் ஆனதும் முக்கால்வாசிப் பேர் புத்தகத்தை மூடிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிட்டது. பிற்காலத்தில் நானும் நூலகத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். தனிமனிதன் என்பவன் அந்தக் காலத்தில்தான் பிறந்தான் என்று ஒருவர் எழுதுகிறார், அதெல்லாம் முன்பே இருந்தான் என்று இன்னொருவர் மல்லுக்கு நிற்கிறார். எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். எங்கள் வீட்டில் எப்போது பிறந்தான் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் அண்ணி, "எனக்கு ஒரு படம் எடுத்துக்கணும், கூட வர்றியா?" என்றாள். கச்சேரி ரோடு வழியாக நடந்து, லஸ் பக்கத்தில் ஒரு பாய் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனோம். பாய் எங்களுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார். "வூட்டுக்காரரு வர்லியாம்மா?" இல்லை என்றாள். "அப்ப இந்தப் பொண்ணுக்குக் கல்யாணமா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். அதுவும் இல்லை, எனக்குத்தான், நான் மட்டும்தான் என்றாள் அண்ணி. பாய்க்குக் கை ஓடவில்லை. பின்னால் ஏரியும் அன்னமும் வரைந்த திரை, பக்கத்தில் பூச்சாடி வைத்த முக்காலி, எல்லாம் வேண்டாம் என்று அண்ணி ஒதுக்கிவிட்டாள். நாற்காலி மட்டும் போதும் என்றாள். அவளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்தது, கன்னமெல்லாம் தழும்பு. "கவலைப்படாதீங்கம்மா, தழும்பு ஒண்ணுகூடத் தெரியாம பென்சில்ல மறைச்சிடறேன். எல்லாருக்கும் பண்றதுதான்" என்றார் பாய். "வேணாம் பாய். அது இல்லேன்னா அது நான் இல்லை" என்றாள். பாய் என்னைப் பார்த்தார். அவங்க அப்படித்தான் என்று நான் தலையை ஆட்டினேன். படம் வந்ததும், அதை ஒட்டியிருந்த கறுப்பு அட்டையில் வெள்ளை மசியால் தன் பெயரை எழுதினாள், கீழே அந்த வருஷத்தையும் எழுதினாள். அந்த மறுமலர்ச்சிக் காலத்துப் படங்களில் அப்படித்தான் போடுவார்களாம்.

அதைத்தான் அண்ணன் சுவரில் மாட்டினான். என் அண்ணன் பேசவே காசு கேட்கிற ஆள். அம்மா ஒரு சொல் சொன்னால் மறு சொல் சொல்லிப் பழக்கமில்லாதவன். அவன் எந்தத் தைரியத்தில் சுத்தியலை எடுத்தான் என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான். அம்மா சாப்பிடாமல் கிடந்தாள், திட்டினாள், படத்தைப் பார்க்காமல் கூடத்தைக் கடந்து போனாள். ஆனால் கழற்றவில்லை. அக்டோபரில் ஜெபமாலை மாதா திருநாள் வந்தபோது, வழக்கம் போல எல்லாப் படங்களுக்கும் மல்லிகைச் சரம் போட்டாள். கடைசியில் ஒரு படம் மட்டும் மொட்டையாக நின்றது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு, "நாலு பேரு வந்து போற வூடு, இது மட்டும் வெறுமனே இருந்தா நல்லாவா கீது?" என்று முணுமுணுத்தபடி அதற்கும் ஒரு சரத்தைப் போட்டுவிட்டாள். வினையே அந்தச் சரத்தால்தான் வந்தது.

அந்த வருஷம் எங்கள் பங்குக் கோயிலுக்கு, சாமியாருக்கு உதவியாகப் புதிதாக ஒரு உபதேசியார் வந்திருந்தார். நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் பூசையில் செத்தவர்களின் பெயர்களை வாசித்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். அதற்காக உபதேசியார் வீடு வீடாகப் போய்ப் பெயர்களை எழுதிக்கொண்டு வருவார். இந்தப் புது மனுஷர் கெட்டிக்காரர். வீட்டாரைக் கேட்டால் அழுகையும் கதையுமாக நேரம் போய்விடும் என்று, சுவரில் பூப்போட்ட படங்களைப் பார்த்து, கீழே எழுதியிருந்த பெயர்களைத் தானே எழுதிக்கொண்டு நடையைக் கட்டுவார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்த அன்று அண்ணி ஊரில் இல்லை. தன் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சைதாப்பேட்டைக்குப் போயிருந்தாள். உபதேசியார் சுவரைப் பார்த்து எழுதி முடித்துவிட்டு, "ரொம்பச் சின்ன வயசும்மா" என்று உச்சுக் கொட்டினார். என் அப்பா போனபோது அவர் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. அம்மா அப்பாவைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஆமா உபதேசியாரே, ஆண்டவர் சித்தம், இன்னா பண்றது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லறைத் திருநாளன்று கோயிலில் நிற்க இடமில்லை. பெண்கள் பக்கத்தில் அம்மா, அவளுக்கு அடுத்து அண்ணி, அடுத்து நான், முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தோம். உபதேசியார் ஒவ்வொரு வீடாக வாசித்துக்கொண்டு வந்தார். எங்கள் தாத்தா, பெரியப்பா, அப்பா. அடுத்து, கணீரென்று, அண்ணியின் பெயர். அந்தப் பெயரை நான் அதற்கு முன்னால் அவ்வளவு சத்தமாகக் கேட்டதே இல்லை. ஒரு பெண்ணின் பெயரைக் கோயிலில் எப்போது சொல்வார்கள்? ஞானஸ்நானத்தில், கல்யாண ஓலை வாசிக்கும்போது, அப்புறம் அவள் செத்த பிறகு. நடுவில் அவள் இன்னாரின் பெண்சாதி, இன்னாரின் தாய். பின்னால் ஒரு கிழவி பட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். அம்மா, "உக்காரு, உக்காரு" என்று அண்ணியின் சேலையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள்.

"சாமி, நான் உயிரோட இருக்கேன்" என்றாள். பெரிதாகக் கத்தவில்லை, ஆனாலும் கோயில் முழுக்கக் கேட்டது. கோயிலில் பூசை நேரத்தில் ஒரு பெண் வாய் திறந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உபதேசியாருக்கு வியர்த்துவிட்டது. பூசை நடத்திய எங்கள் சாமியார் கோவாக்காரர். புத்தகத்தில் இருப்பது போலத்தான் தமிழ் பேசுவார். திரும்பிப் பார்த்து, "பெண்ணே, நீ யார்?" என்று கேட்டார். அண்ணி பதில் சொல்லும் முன் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், "ரயில்வே ஆபீசுக்குப் போறாரே, அவரு பொண்சாதி சாமி" என்றாள். இன்னொருத்தி என் தாத்தாவின் பெயரைச் சொல்லி, அவர் வீட்டு மருமகள் என்றாள். அண்ணி இருவரையும் பார்த்தாள். பிறகு, "இப்ப வாசிச்சாரே சாமி, அந்தப் பேர்தான் நான்" என்றாள். ஆண்கள் பக்கத்தில் என் அண்ணன் எழுந்து நின்றான். சும்மா, அவள் உட்காரும் வரைக்கும் நின்றான். சாமியாரின் வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "நல்லது. பெயரை அடிக்க வேண்டாம். உயிரோடு இருப்பவர்களுக்கும் ஜெபம் தேவைதான். உட்கார்" என்றார். கல்லறைத் திருநாளில், அழ வந்த ஜனங்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் அம்மாவைச் சுற்றிக் கூட்டம். அபசகுனம் என்றாள் ஒருத்தி. முதலில் அந்தப் படத்தைக் கழற்றி அடுப்பில் போடு என்றாள் இன்னொருத்தி. அம்மா இத்தனை நாள் சொன்னதைத்தான் அவர்களும் சொன்னார்கள். ஆனால் அம்மா சீறினாள். "படம் இன்னாடி பண்ணுச்சு? கேக்காம எழுதுனவன் மேல தப்பு. எம்மருமவ நூறு வயசு இருப்பா, நீ உன் வேலையப் பாரு!" எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் சிலுவைக்கு முன்னால் மெழுகுவத்தி கொளுத்தினோம். கடல் காற்றில் அது அணைந்து அணைந்து போனது. அண்ணி கையை வைத்து மறைத்துக்கொண்டாள். அம்மா கேட்டாள், "எழுந்து நிக்கறப்போ பயமா இல்லியா உனக்கு?" அண்ணி, "பயமாத்தான் இருந்துச்சு அத்தை. ஆனா உட்கார்ந்தே இருந்திருந்தா, நான் செத்துட்டதா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருக்கும்" என்றாள். அம்மா சிலுவை மேல் படிந்திருந்த மணலைத் தட்டிவிட்டாள். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "என்னை எங்கம்மாதான் கடைசியா பேரு சொல்லிக் கூப்டுச்சு" என்றாள்.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணி தலை நரைக்கும் வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் படித்தவர்கள் இப்போதும் எங்கேயாவது கோயிலிலோ பஸ்ஸிலோ என்னைப் பார்த்தால் டீச்சர் பெயரைச் சொல்லித்தான் விசாரிப்பார்கள், அண்ணன் பெயரைச் சொல்லி இல்லை. அண்ணனுக்கு அதில் கொள்ளைப் பெருமை. இன்று என் பேத்திகள் மாம்பலத்தில் ரயிலேறி வேலைக்குப் போகிறார்கள். நினைத்தபோது தனியாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, நன்றாகக் கிழிக்கட்டும். இதெல்லாம் நடப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலில் ஒரு காலை நேரம் இருந்தது. அதை யாருக்காவது சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிக்கூடத்து ஆயா மறுபடியும் வந்து நின்றாள். மதர் பதில் கேட்டு வரச் சொன்னார்களாம். அண்ணியும் நானும் அடுப்படியில் இருந்தோம். அண்ணி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள், ஆனால் வெளியே போகவில்லை. அம்மா தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். "லீவு முடிஞ்சதும் வருவா. சரித்திரப் பாடம்தான் குடுக்கணும்னு சொல்லு. தையல் கிளாசுல கொண்டுபோய் உக்கார வெச்சுடப் போறாங்க" என்றாள். எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆயாவால் நம்பமுடியவில்லை. போன தடவை இதே வாசலில் இதே வாயால் விரட்டப்பட்டவள் அல்லவா? சந்தேகத்தோடு கேட்டாள், "யாரு சொன்னாங்கன்னு மதர்கிட்ட சொல்லட்டும்மா? ரயில்வே ஐயா சொன்னாருன்னு சொல்லவா?"

வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. முதலில் கொஞ்சம் தடுமாறி, அப்புறம் தெளிவாக.

"அந்தோணியம்மா சொன்னான்னு சொல்லு."